செழித்த செல்லில் சரக்கு இல்லை

செடியின் செல்லைக் குடுவையில் வளர்த்து, ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்களை எடுக்கப் பார்க்கும் தாவர செல் வளர்ப்பில் இருப்பவர்களிடம் உங்களுக்குப் பிடிக்காத நிறம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்: பழுப்பு. இலையிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, அகார் சேர்த்து உறைய வைத்த ஊட்டச்சத்து ஊடகத்தின் மேல் வைக்கிறோம். சில மணி நேரத்தில் வெட்டிய விளிம்பு கருக்கத் தொடங்குகிறது. மறுநாள் பார்த்தால் துண்டைச் சுற்றி அகாரிலும் ஒரு பழுப்பு வளையம். அது அகலமாகிக்கொண்டே போனால் அந்தத் துண்டு பிழைக்காது, எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

செல் முழுசாக இருக்கும்வரை அதன் பீனால் சேர்மங்கள் (நாம் தேடும் ஆன்டிஆக்ஸிடன்ட்களில் பல இவைதான்) வேக்குவோல் என்னும் பெரிய பைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைத் தாக்கக்கூடிய பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதி வேறோர் இடத்தில் இருக்கிறது. கத்தி பட்டுச் செல் உடைந்ததும் இரண்டும் கலந்துவிடுகின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்துகொள்கிறது. பீனால்கள் குயினோன்களாக மாறுகின்றன. குயினோன்கள் பக்கத்திலுள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றை முடக்கிப்போடும், தமக்குள்ளும் கோத்துக்கொண்டு பழுப்பு நிறமியாகும். இதைத் தடுக்க ஊடகத்தில் நாம் சேர்ப்பது அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. கூடவே சிட்ரிக் அமிலம், சில நேரம் கரித்தூள். ஆன்டிஆக்ஸிடன்ட் தயாரிப்பதற்காக வளர்க்கிற திசுவைக் காப்பாற்ற வெளியிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் ஊற்றுகிறோம். அதிலும், பீனால் நிறைய இருக்கிறது என்று ஆசைப்பட்டு நாம் தேர்ந்தெடுத்த செடிதான் பெரும்பாலும் முதலில் பழுப்பேறுகிறது.

இந்தத் துறையின் சிக்கல் மொத்தமும் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்கு வேண்டிய பொருள், செல்லுக்கு நிம்மதியான நாட்களில் வேண்டாத பொருள். செல்லை வளர்ப்பது இன்று பெரிய விஷயமில்லை. வளர்த்த செல்லை எப்போது, எதைக் கொண்டு, எவ்வளவு சீண்டுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

செடிக்கு இந்த ஆன்டிஆக்ஸிடன்ட்கள் எதற்கு என்று முதலில் பார்த்துவிடலாம். வெயிலில் நிற்கும் இலை ஒரே இடத்தில் ஒளியையும் வாங்குகிறது, ஆக்ஸிஜனையும் வெளியிடுகிறது. வாங்கிய ஒளி தேவைக்கு மேல் போனால் அந்த ஆற்றல் ஆக்ஸிஜன் மேல் பாய்ந்து, கண்டதையும் தாக்கும் வடிவமாக அதை மாற்றிவிடும். அதனால் பசுங்கணிகத்தின் சவ்வுகளில் கரோட்டினாய்டுகளும் வைட்டமின் ஈயும் எப்போதும் காவல் இருக்கின்றன. நீர்ப்பகுதியில் வைட்டமின் சியும் குளூட்டாதயோனும் இருக்கின்றன. இது அன்றாடக் காவல். இன்னொரு வகை, தேவை வரும்போது மட்டும் செய்யப்படுவது. பூஞ்சை தாக்கினால், புறஊதாக் கதிர் கூடினால், பூச்சி கடித்தால், குளிர் அடித்தால் உருவாகும் அல்லது பெருகும் பீனால் சேர்மங்கள். திராட்சையின் ரெஸ்வெரட்ரால், ரோஸ்மேரியும் கோலியஸும் தரும் ரோஸ்மரினிக் அமிலம், சிவப்பும் ஊதாவுமாய்த் தெரியும் ஆந்தோசயனின் எல்லாம் இந்தக் குடும்பம். ஓடித் தப்பிக்க முடியாத உயிருக்கு வேதியியல்தான் கால்.

இப்போது அந்தச் செடியின் செல்லை எடுத்துக் குடுவையில் போடுங்கள். இருட்டு, 25 டிகிரி வெப்பம், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, கேட்காமலே கிடைக்கும் நைட்ரஜன், பாஸ்பேட், பூஞ்சை இல்லை, பூச்சி இல்லை. வெயிலே படாததால் பசுங்கணிகம் சரியாக உருவாவதில்லை, அன்றாடக் காவலுக்கே வேலை குறைந்துவிடுகிறது. இரண்டாம் வகைக்கோ காரணமே இல்லை. செல் வெள்ளையாக, கொழுகொழுவென்று பெருகும். சாறு எடுத்துச் சோதித்தால் ஒன்றும் இருக்காது.

இங்கே வந்து சேர்வதற்கே ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆயின. ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் 1902-இல் தனித்தனி இலைச் செல்களை ஊட்டக் கரைசலில் வளர்க்கப் பார்த்தார். செல்கள் வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன, பருத்தன, ஆனால் ஒன்றுகூடப் பிளக்கவில்லை. பிளப்பதைத் தூண்டும் ஹார்மோன்கள் அன்று யாருக்கும் தெரியாது. முடிவில்லாமல் பெருகும் திசுவை 1939-இல்தான் பிரான்ஸில் கோதெரேயும் நோபெகூரும், அமெரிக்காவில் ஒயிட்டும் தனித்தனியாகக் காட்டினார்கள். 1957-இல் ஸ்கூக்கும் மில்லரும் ஆக்ஸின், சைட்டோகைனின் என்ற இரண்டு ஹார்மோன்களின் விகிதத்தை மாற்றினாலே திசு வேராகவோ தண்டாகவோ உருவமற்ற காலஸாகவோ மாறும் என்று காட்டினார்கள். அப்புறம் 1962-இல் முராஷிகி–ஸ்கூக் ஊடகம். புகையிலை இலைச் சாற்றில் ஏதோ புது வளர்ச்சிப் பொருள் ஒளிந்திருக்கிறது என்று தேடத் தொடங்கிய வேலை அது. தேடிப் போனதில், வளர்ச்சிக்குப் பெருங்காரணம் சாற்றிலிருந்த சாதாரண உப்புகள்தான், முக்கியமாக நைட்ரஜன்தான் என்று தெரிந்தது. இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் ஊடகம் என்றால் முதலில் கை போவது அந்தச் செய்முறைக்குத்தான். வளர்ச்சிக்கென்றே சமைத்த ஊடகம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே தடையாக வந்து நிற்கும்.

ஆய்வகத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இலையையோ தண்டையோ கழுவி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்து, கிருமி நீக்கிய நீரில் பலமுறை அலசுகிறோம். லாமினார் ஃப்ளோ என்னும், வடிகட்டிய காற்று வீசும் மேடைக்குள் கையை விட்டு, சுடரில் காட்டி ஆறிய கத்தியால் வெட்டி ஊடகத்தில் வைக்கிறோம். பிழைத்த துண்டின் ஓரங்கள் சில வாரங்களில் உப்பி, முடிச்சு முடிச்சாக ஒரு திரள் கிளம்பும். அதுதான் காலஸ். சில திரள்கள் கல்லைப் போலக் கெட்டியாக இருக்கும்; அவை நமக்கு ஆகாது. இடுக்கியால் தொட்டதும் உதிர்கிற திரளாகப் பார்த்து எடுத்து, அகார் இல்லாத திரவ ஊடகத்தில் போட்டு ஷேக்கரில் நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது சுற்று வேகத்தில் ஆடவிட்டால் செல்கள் பிரிந்து மிதக்கும். முழுதாகப் பிரியாது. தாவர செல்கள் பிளந்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கும் சுபாவம் உள்ளவை. பத்து, ஐம்பது, நூறு என்று கொத்தாகத்தான் திரியும்.

குடுவையைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பதிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடும். ஆரோக்கியமான வளர்ப்பு நுண்ணிய மணலைப் போலச் சீராக வழிந்து இறங்கும், மேலே நிற்கும் திரவம் தெளிவாக இருக்கும். திரவம் பால் கலங்கலாக இருந்தால் பாக்டீரியா. சுவரில் வெள்ளைப் பஞ்சு படிந்தால் பூஞ்சை. சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு எடுத்து ஈவான்ஸ் நீலச் சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைக்கிறோம். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, செத்த செல் நீலமாகிவிடும். உயிருள்ள செல்லில் வேக்குவோலைச் சுற்றி மெல்லிய இழைகளில் சைட்டோபிளாசம் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். எனக்கு இந்த வேலையில் அலுக்காத ஒன்று உண்டென்றால் அந்த ஓட்டத்தைப் பார்ப்பதுதான்.

காலஸில் இன்னொரு வேலையும் உண்டு, அதைக் கண்தான் செய்கிறது. ஒரே திரளில் ஒரு பகுதி வெளிறி இருக்கும், ஓர் ஓரம் மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கும். ஆந்தோசயனின் இருக்கும் பகுதி அது. அந்தச் சிவப்பு ஓரத்தை மட்டும் கத்தி நுனியால் செதுக்கி எடுத்துப் புது ஊடகத்தில் வளர்க்கிறோம். அது வளர்ந்ததும் அதிலும் அதிகம் சிவந்த பகுதியை மட்டும் எடுக்கிறோம். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி, அதிகம் தரும் செல் வழி ஒன்றை, அதாவது ஒரே மூலத்திலிருந்து வரும் செல் பரம்பரை ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும். நிறம் இல்லாத பொருள் என்றால் ஒவ்வொரு செல் வழியையும் சாறு எடுத்து அளந்தே தீர வேண்டும். நிறமுள்ள பொருள்களில் இந்தத் துறை முதலில் வெற்றி கண்டதற்கு இந்தச் சௌகரியமும் ஒரு காரணம்.

அந்த முதல் பெரிய வெற்றி ஷிகோனின். லித்தோஸ்பெர்மம் எரித்ரோரைசான் என்னும் கிழக்காசியச் செடியின் வேரில் இருக்கும் சிவப்பு நிறமி. சாயத்துக்கும் காயத்துக்குப் பூசவும் நெடுங்காலமாகப் பயன்பட்டது, ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் குணமும் அதற்கு உண்டு. வேர் அறுவடைக்குத் தயாராகச் சில ஆண்டுகள் ஆகும், அப்போதும் வேரில் ஒன்றிரண்டு சதவீதம்தான் ஷிகோனின். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மமோரு தபாத்தாவின் குழு 1970-களில் இதன் செல்களை ஆராயத் தொடங்கியது. அவர்கள் கண்டவை ஒவ்வொன்றும், செல் எப்போது வேலை செய்ய மறுக்கிறது என்பதைப் பற்றியவை. வெளிச்சம் பட்டால் ஷிகோனின் நின்றுவிடுகிறது. 2,4-டி என்ற ஆக்ஸின் இருந்தால் நின்றுவிடுகிறது. முராஷிகி–ஸ்கூக் வகை ஊடகங்களில் தாராளமாக இருக்கும் அம்மோனியம் இருந்தாலும் நின்றுவிடுகிறது. வளர்ச்சிக்கு உகந்தவற்றில் பலவும் உற்பத்திக்குப் பகை.

மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனத்தில் யசுஹிரோ ஃபுஜிதாவின் குழு இதற்கு ஒரு நேரடியான வழி கண்டது: இரண்டு வேலைகளையும் ஒரே பாத்திரத்தில் செய்யாதே. முதலில் 200 லிட்டர் கலனில், வளர்ச்சி ஊடகத்தில் செல்லைப் பெருக்கினார்கள். பெருகிய செல்களை வடித்து, 750 லிட்டர் கலனில் அம்மோனியம் இல்லாத, நைட்ரேட் மட்டும் உள்ள, தாமிரம் கூட்டிய எம்-9 என்ற உற்பத்தி ஊடகத்துக்கு மாற்றினார்கள். வளர்ச்சி நின்றது, செல்களின் வெளிப்புறத்தில் சிவப்புத் துகள்கள் திரளத் தொடங்கின. உலர் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேலாக ஷிகோனின் வந்தது. 1980-களின் நடுவில் கனேபோ நிறுவனத்தின் உதட்டுச்சாயத்தில் அது விற்பனைக்கும் வந்தது. தாவர செல் வளர்ப்பில் செய்த ஓர் இரண்டாம் நிலை வேதிப்பொருள் (செல்லின் வளர்ச்சிக்கு நேரடியாகத் தேவைப்படாத பொருள்) வணிகமானது அதுவே முதல் முறை.

எனக்கு இதில் பிடித்தது அந்த இரண்டு கலன் யோசனையின் நேர்மை. செல்லின் இரண்டு மனநிலைகளைச் சமரசம் செய்யாமல், இரண்டுக்கும் தனி வீடு கொடுத்துவிட்டார்கள்.

ரோஸ்மரினிக் அமிலத்தின் கதை இன்னும் ஆச்சரியமானது, ஆனால் வேறு விதத்தில். கோலியஸ் செல்கள் இதைச் சீண்டாமலேயே செய்யும். சர்க்கரையை வழக்கமான 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு உயர்த்தினால் போதும், உலர் எடையில் 20 சதவீதத்தையும் தொட்டுவிடும். செல்லின் ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஒரு சேர்மம்! செடியின் இலையில் இருப்பதைவிடப் பல மடங்கு. செடியைவிடக் குடுவைச் செல் அதிகம் தருவதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் இதை வைத்து எல்லாச் செடியும் இப்படித்தான் என்று நம்பிவிடக் கூடாது. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கும் பீனால் பாதை எல்லாச் செடியிலும் உண்டு. அதன் வாசலில் நிற்கும் ஃபினைல்அலனின் அம்மோனியா லையேஸ் நொதியும் எல்லாவற்றிலும் உண்டு. வாசலைத் தாண்டிய பின் எந்தக் கிளை எப்போது திறக்கும் என்பதில்தான் ஒவ்வொரு செடியும் வேறுபடுகிறது.

அந்தக் கிளைகளைத் திறக்கும் சாவிகளைத்தான் தூண்டிகள் என்கிறோம். பூஞ்சையின் செல்சுவரிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலிகள், ஈஸ்ட் சாறு, கைட்டோசான், வெள்ளி அயனி, புறஊதாக் கதிர், சாலிசிலிக் அமிலம் என்று பட்டியல் நீளும். ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது: ஜாஸ்மோனிக் அமிலம், அதன் மீத்தைல் வடிவம். பூச்சி கடித்த இலை தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் அபாயச் செய்தி இதுதான். மைன்ஹார்ட் ஜெங்க்கின் ஜெர்மன் குழு 1992-இல் 36 வகைச் செடிகளின் செல் வளர்ப்புகளில் இதைச் சோதித்து, செடிக்குச் செடி வேறு பொருள் பெருகினாலும் தூண்டுவது ஒரே செய்திதான் என்று காட்டியது. பூஞ்சையோ பூச்சியோ இல்லாமல், தாக்குதல் வந்துவிட்டது என்று செல்லை நம்பவைக்க ஒரு வழி அன்று பொதுவாகக் கிடைத்தது.

தூண்டி போட்ட பிறகு நடப்பதைக் கடிகாரத்தோடு பார்க்க வேண்டும். முதல் சில நிமிடங்களில் செல் தானே ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்கி வெளியே பாய்ச்சுகிறது. ஆக்ஸிஜனேற்றத்தை எதிர்க்கும் பொருளுக்காக நாம் காத்திருக்க, செல் முதலில் செய்வது ஆக்ஸிஜனேற்றி! தாக்க வந்ததைக் கொல்லவும், அண்டையிலுள்ள செல்களுக்கு எச்சரிக்கை சொல்லவும் அது. சில மணி நேரத்தில் பீனால் பாதையின் மரபணுக்கள் விழித்து நொதிகள் உருவாகின்றன. பொருள் கையில் கிடைக்க ஓரிரு நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம். அதற்குள் தூண்டியின் அளவு கூடிப்போயிருந்தால் செல் செத்துவிடும். குறைவாக இருந்தால் முதல் பாய்ச்சலோடு அடங்கிவிடும். இன்னொன்று, செல் பெருக்கத்தின் உச்சத்தில் இருக்கும்போது தூண்டினால் வளர்ச்சியும் கெடும், பொருளும் சரியாக வராது. சர்க்கரை தீரும் நேரத்தில் தூண்டினாலோ பொருளைக் கட்டுவதற்குக் கரி அணுக்களே மிச்சமிருக்காது. வளர்ச்சி வேகம் தணியத் தொடங்கி, சர்க்கரை இன்னும் கையிருப்பில் உள்ள அந்தக் குறுகிய இடைவெளிதான் நேரம். எந்தப் பிளாஸ்க்கில் எந்த நாளில் அந்த இடைவெளி திறக்கிறது என்பதை ஒவ்வொரு செல் வழிக்கும் தனியாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திராட்சைச் செல்லும் ரெஸ்வெரட்ராலும் இதில் ஒரு பெரிய பாடம். மீத்தைல் ஜாஸ்மோனேட் மட்டும் போட்டால் ரெஸ்வெரட்ரால் கொஞ்சம் வரும். அதோடு சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரையைச் சேர்த்தபோது, ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டபடி, லிட்டருக்குக் கிராம் கணக்கில் வந்தது. அதுவும் செல்லுக்குள் அல்ல, வெளியே ஊடகத்தில். சைக்ளோடெக்ஸ்ட்ரினின் வெளிப்பக்கம் நீரை விரும்பும், நடுக்குழி நீரை வெறுக்கும். நீரில் எளிதில் கரையாத ரெஸ்வெரட்ரால் வெளியே வந்ததும் அந்தக் குழிக்குள் போய் அமர்ந்துகொள்கிறது. ரெஸ்வெரட்ரால் அளவு மீறினால் அதைச் செய்த செல்லுக்கே நஞ்சு. குழிக்குள் பத்திரமாகிவிட்டதால் செல்லும் சாகவில்லை, பொருளும் சிதையவில்லை. சைக்ளோடெக்ஸ்ட்ரினே ஒரு தூண்டியாகவும் வேலை செய்தது. செல்லை உடைத்துச் சாறு எடுக்க வேண்டாம், ஊடகத்தை வடித்தால் போதும் என்பது பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய வரம்!

இனி அளப்பதைப் பற்றி. இங்கே எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளக்க எல்லோரும் செய்வது டிபிபிஹெச் சோதனை. அடர் ஊதா நிறக் கரைசல். சாற்றைச் சொட்டினால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். அரை மணி நேரம் இருட்டில் வைத்து 517 நானோமீட்டரில் அளக்கலாம். மலிவு, வேகம், பார்க்கவும் அழகு. ஆனால் டிபிபிஹெச் என்பது எந்த உயிரின் உடலிலும் இல்லாத ஒரு செயற்கை ராடிக்கல், அதாவது இணையில்லாத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு. சாறு அதை வெளுக்கவைத்தது என்பதற்கு, அது டிபிபிஹெச்சை வெளுக்கவைத்தது என்பதற்கு மேல் ஒரு பொருளும் இல்லை. மொத்த பீனால் அளக்கும் ஃபோலின்–சியோகால்டியூ சோதனையும் அப்படித்தான்: அஸ்கார்பிக் அமிலம் இருந்தாலும் நீலம் வரும், சில புரதங்களுக்கும் வரும், ஒடுக்கும் சர்க்கரைகளும் கணக்கைக் குழப்பும். சர்க்கரைக் கரைசலில் மிதக்கும், பழுப்பேறாமலிருக்க வைட்டமின் சி ஊற்றிய செல்களைச் சரியாகக் கழுவாமல் சோதித்தால் அளப்பது செல்லையா, நாம் ஊற்றியதையா? பொருளைத் தனியாகப் பிரித்து, இதுதான் இவ்வளவுதான் என்று திரவ வண்ணப்பகுப்பில் காட்டாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

அங்கிருந்து ஒரே தாவலில் உடல்நலத்துக்குப் போகிறார்கள். அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பட்டியலிட்ட தன் ஓராக் தரவுத்தளத்தை 2012-இல் தானே நீக்கிவிட்டது; சோதனைக் குழாய் எண் உடலில் நடப்பதைச் சொல்வதில்லை, அந்த எண்களை விளம்பரத்துக்கு வளைக்கிறார்கள் என்பதுதான் காரணம். அதற்கு முன்பே கசப்பான சான்றுகள் வந்திருந்தன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது: நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் கொடுத்த கேரட் ஆய்வில் 28 சதவீதம் கூடுதலாகத் தெரிந்ததால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். காக்கும் என்று நம்பிக் கொடுத்தது இது. ரோஸ்மரினிக் அமிலமும் ரெஸ்வெரட்ராலும் வேறு பொருள்கள்தான்; இந்த முடிவுகளை அவற்றின் மேல் ஏற்றக் கூடாது. ஆனால் குழாயில் ராடிக்கலை வெளுக்கவைத்ததை மட்டும் காட்டி மனிதர்களுக்கு நல்லது என்று எழுத, இதற்குப் பிறகும் எப்படிக் கை வருகிறது?

அழகுப் பொருள்களிலும் இதே மிகைதான். 2008 வாக்கில் சுவிட்சர்லாந்தின் அரிய ஆப்பிள் வகை ஒன்றின் செல் வளர்ப்பிலிருந்து எடுத்த சாறு சரும கிரீம்களில் வந்து, தாவர ஸ்டெம் செல் என்ற பெயரோடு உலகெங்கும் பரவியது. புட்டிக்குள் உயிருள்ள செல் எதுவும் கிடையாது. உடைத்து எடுத்த சாறுதான். சாறு நல்ல சாறாகவே இருக்கலாம். அதைச் சாறு என்றே சொல்லி விற்றால் என்ன?

சரி, அப்படியானால் இந்த வேலைக்கு மதிப்பு எங்கே? நிச்சயமாக வைட்டமின் சியில் இல்லை. 1933-இல் வேதியியலாளர் ரைக்ஸ்டைன் வழி காட்டிய பிறகு, குளுக்கோஸிலிருந்து அதை டன் கணக்கில் செய்துவிடுகிறார்கள், நடுவில் பாக்டீரியா உதவியோடு. வைட்டமின் ஈயையும் வேதியியல் முறையில் செய்யலாம், எண்ணெய் வித்துகளிலிருந்தும் எடுக்கலாம். ரெஸ்வெரட்ரால்கூட ஜப்பானிய நாட்வீட் என்ற, எங்கும் களையாக மண்டும் செடியின் வேரிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது. மரபணு மாற்றிய ஈஸ்ட்டும் அதைச் செய்கிறது. திராட்சைச் செல்லின் லிட்டருக்குக் கிராம் கணக்கு அறிவியலாக எவ்வளவு அழகானாலும், சந்தையில் ஒரு களையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

மதிப்பு வேறு இடத்தில். செடி மெதுவாக வளர்வதாக, அரிதாக, வேரோடு பிடுங்கினால் அழிந்துபோவதாக இருக்கும் இடத்தில். பொருளின் அமைப்பு சிக்கலாக இருந்து, ஈஸ்ட்டுக்குள் முழுப் பாதையையும் மாற்றி நடுவது பெரும்பாடாக இருக்கும் இடத்தில். பருவத்துக்குப் பருவம், மண்ணுக்கு மண் மாறாத ஒரே தரம் வேண்டியிருக்கும் இடத்தில். பூச்சிக்கொல்லி எச்சமோ கன உலோகமோ இருக்கவே கூடாத இடத்தில். இதற்கெல்லாம் பெரிய சாட்சி ஆன்டிஆக்ஸிடன்ட் அல்ல, புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செல். யூ மரத்தின் பட்டையை உரித்து எடுத்த பொருள் இன்று ஜெர்மனியில் 75,000 லிட்டர் வரையிலான கலன்களில் செல்களிலிருந்து வருகிறது. இவ்வளவு பெரிய கலனில் தாவர செல் வளரும் என்பதை அது நிரூபித்துவிட்டது. விலை அதைத் தாங்குகிறது என்பதையும்தான்.

ஏன் விலை அவ்வளவு முக்கியம் என்றால், காலம். ஈ.கோலை பாக்டீரியா நல்ல ஊடகத்தில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். தாவர செல் இரட்டிக்க ஒன்றிலிருந்து சில நாட்கள் வேண்டும். வாரக்கணக்கில் ஒரு கலன் ஓடும்போது ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே நுழைந்தால் ஓரிரவில் முடிந்தது கதை. செல்லோ பெரியது, நீர் நிறைந்த பெரிய வேக்குவோல் உடையது. வேகமாகக் கலக்கினால் கிழியும், மெதுவாகக் கலக்கினால் கொத்தாகி அடியில் தங்கும். காற்றை அதிகம் ஊதினால் செல் வெளியிட்டு வைத்திருக்கும் கார்பன் டைஆக்சைடும் எத்திலீனும் அடித்துச் செல்லப்பட்டு வளர்ப்பின் போக்கே மாறும். நுரை எழும்பிச் சுவரில் செல்கள் படிந்து, மேலே காய்ந்த ஒரு தடித்த வளையமாக நின்றுவிடும். பிளாஸ்க்கில் வந்த விளைச்சல் கலனில் பாதியாகிறது என்று இந்தத் துறையில் யார் சொன்னாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது செல் வழியின் மறதி. கண்ணும் கத்தியுமாகச் செதுக்கி எடுத்த சிவப்பு வழி, மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே போகும்போது மெல்ல வெளிறும். வேகமாகப் பெருகும் செல்லுக்கும் பொருள் செய்யும் செல்லுக்கும் ஒரே குடுவையில் போட்டி நடந்தால் பெருகுவதுதான் ஜெயிக்கும். நாம் ஒவ்வொரு முறையும் மாற்றி நடும்போது, நம்மை அறியாமலே சோம்பேறிச் செல்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம். குரோமோசோம் எண்ணிக்கை மாறலாம். மரபணு அப்படியே இருந்து அதன் மேலுள்ள வேதிக்குறிகள் மட்டும் மாறி, பாதை அடைபட்டுப் போகலாம். நல்ல வழி கிடைத்த உடனே அதன் மாதிரிகளை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிடுவதுதான் காப்பு. அதுவும் எல்லாச் செடியின் செல்லுக்கும் லேசில் ஒத்துவராது. நீர் நிறைந்த செல் உறையும்போது பனிப் படிகம் அதைக் கிழித்துவிடும், அதனால் சர்க்கரைக் கரைசலிலும் வேறு காப்புப் பொருள்களிலும் முன்கூட்டியே நீரை வடித்து எடுக்க வேண்டும்.

இன்னும் விடை தேட வேண்டிய கேள்வி என்று நான் நினைப்பது இந்த மறதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆந்தோசயனின் தரும் செல் வளர்ப்பு ஒன்றிலிருந்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், ஒரே கொத்தில் ஒரு செல் அடர் சிவப்பாகவும் அதை ஒட்டியுள்ள செல் நிறமே இல்லாமலும் இருக்கும். ஒரே தாய் செல், ஒரே ஊடகம், ஒரே தூண்டி. பிறகு ஏன் இந்த வேறுபாடு? பல வளர்ப்புகளில் நிறமுள்ளவை சிறு பகுதிதான். மொத்த விளைச்சலை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு செய்கிறது என்பதல்ல, எத்தனை செல்கள் செய்ய ஒத்துக்கொள்கின்றன என்பதே. தூண்டியை மாற்றி, அளவை மாற்றி, இத்தனை சதவீதம் கூடியது என்று வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. தனிச் செல்களின் மரபணுச் செயல்பாட்டைப் படிக்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. செல்சுவரைக் கரைத்துச் செல்களைப் பிரித்தால் தாவரத்திலும் அது சாத்தியம்.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை, இந்தத் துறையில் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. உலர் எடையில் இத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதாதீர்கள். செல் குறைவாக இருந்தால் சதவீதம் எவ்வளவு உயர்ந்தும் பயனில்லை. ஒரு லிட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள், வளர்ச்சிக்குப் போன நாட்களையும் சேர்த்து. அந்தச் செல் வழியைப் பத்தாவது முறை மாற்றி நட்டபோதும் அதே அளவு வந்ததா என்று எழுதுங்கள். வராமல் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால் அடுத்தவர் அங்கிருந்து தொடங்கலாம்.